தில்லை மரமும் அதன் இலத்தீன் பெயரும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்தது ஒரு மரம். நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. ஊருக்குள் இன்று அதைக் காண்பது அரிது. கிழக்கே பிச்சாவரம் சென்றால் உப்பங்கழிக் கரையில் தழைத்து நிற்கும். கிளையை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். தோலில் பட்டால் புண்ணாகும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே தீங்கு நேரலாம்.

நாம் தில்லை என்பதை வங்காளிகள் கேவா என்பர். மலாய் மொழியில் அது பூத்தா-பூத்தா; 'பூத்தா' என்றால் குருடு. ஒரே மரத்துக்கு இத்தனை பெயர்கள் இருந்தால், ஒரு நாட்டார் எழுதியதை மற்றொரு நாட்டார் எப்படிப் புரிந்துகொள்வது? இச்சிக்கலைத் தீர்க்க, 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் தாம் அறிந்த தாவரங்களுக்கு இருசொற் பெயர் சூட்டினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். தில்லைக்கு 1759-இல் அவர் இட்ட பெயர் எக்சோகேரியா அகல்லோகா.

எக்சோகேரியா என்றால் கண்ணைக் குருடாக்குவது. பொருத்தமான பெயர்தான். ஆனால் அகல்லோகா என்பது அகிலைக் குறிக்கும் சொல்! அகிற்கட்டை தரும் அக்விலேரியா வேறு மரம், குடும்பமும் வேறு. தில்லையோ ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென எண்ணிய பழைய குழப்பம் பெயரில் தங்கிவிட்டது. இப்போது மாற்றலாமே என்று கேட்பீர்கள். கூடாது என்கிறது பன்னாட்டு விதி. முறைப்படி முதலில் வெளியான பெயரைப் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் தள்ள முடியாது. அவரவர் திருத்தத் தொடங்கினால் இருநூறு ஆண்டு நூல்கள் விளங்காமல் போய்விடும்.

வகைப்பாடு அப்படியன்று, புதுச் சான்று கிடைத்தால் மாறும். பழைய பாடநூல்கள் ஆமணக்குக் குடும்பத்தில் வைத்த நெல்லி, இன்று பில்லாந்தேசி என்னும் தனிக் குடும்பத்தில் உள்ளது.

பிச்சாவரத்திலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. முட்டுவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னைகளில் ரைசோபோரா அபிகுலேட்டா, ரைசோபோரா முக்ரோனேட்டா என இரு சிற்றினங்கள் உள்ளன. முன்னதில் ஒரு காம்பில் இரண்டு பூக்கள். பின்னதில் அதைவிட மிகுதி. இரண்டிலும் சேராத சில மரங்களை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன், 1995-இல் புதிய சிற்றினமாக அறிவித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரால் ரைசோபோரா அண்ணாமலையானா என்றழைத்தார். ஆனால் டி.என்.ஏ. ஆய்வில் அம்மரங்கள் அவ்விரு சுரபுன்னைகளின் கலப்பு எனத் தெரிந்தது. 1999-இல் அவரே அதைக் கலப்பினமாக மறுபடி விவரித்தார். இப்போது அதன் இரு சொற்களுக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி இடப்படுகிறது.

சிறு குறிதான், ஆனால் காட்டைக் காப்போருக்கு அது முக்கியமான செய்தி. இத்தகைய கலப்பின மரம் பெரும்பாலும் தானாக இனம் பெருக்குவதில்லை. அது மீண்டும் தோன்ற வேண்டுமானால், தாய் தந்தை இரண்டும் ஒரே கழியில் அருகருகே பூத்து நிற்க வேண்டும்.