ஒரு பெயரில் மூன்று நோய்கள்

காய்ச்சல் என்று வந்தவர்க்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் மருத்துவரை நாம் நம்பமாட்டோம். ஆனால் கணிப்பொறி விளையாட்டில் 'லேக் அடிக்கிறது' என்று ஒருவர் முனகியவுடன், சுற்றி நிற்போர் அனைவரும் 'கிராபிக்ஸ் கார்டை மாற்று' என்று ஒரே குரலில் மருந்து எழுதிவிடுகின்றனர். விடுதியில் என் அறை நண்பர், கோடை விடுமுறையில் ஜவுளிக் கடையில் நின்று சேர்த்த பணம் முழுவதையும் அவ்வாறு கார்டுக்குக் கொடுக்க இருந்தார். நோயோ கார்டில் இல்லை. அதை நாங்கள் தேடிக் கண்ட வழியையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

லேக் என்னும் ஒரு சொல்லுக்குள் வலைத்தொடர்பின் தாமதம், படம் வரையும் தாமதம், கையசைவு திரையை அடையும் தாமதம் என மூன்று அடங்கியுள்ளன. முதற்சோதனை செலவில்லாதது. இணையமின்றி ஆடும் வசதி உள்ள விளையாட்டானால், கணிப்பொறியே ஆட்டுவிக்கும் எதிராளிகளுடன் ஆடிப் பார்க்க வேண்டும். தொல்லை நீங்கினால் இணையத்தின் மீது ஐயம் கொள்ளலாம். நீடித்தால் இணையம் நிரபராதி.

வலைத்தொடர்பு நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. மவுசைத் திருப்பினால் காட்சி வழவழவென்று திரும்பும். ஆனால் முன்னே ஓடிய நம் வீரன் திடீரெனப் பத்தடி பின்னால் இழுக்கப்படுவான். இதன் காரணம் சுவையானது. தொலைபேசிக் கம்பிவழி மோடத்தில் ஆடுவோருக்காக ஜான் கார்மாக் 1996இல் குவேக்வேர்ல்டை உருவாக்கியபோது, சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் நம் கணிப்பொறியே நம் அடுத்த அடியை ஊகித்துக் காட்டும் முறையைப் புகுத்தினார். இன்றைய சுடும் விளையாட்டுகள் பலவற்றிலும் அம்முறையே. ஊகமும் சர்வரின் தீர்ப்பும் மாறுபட்டால் தீர்ப்பே வெல்லும், நாம் இழுக்கப்படுவோம்.

நண்பரின் கணிப்பொறியில் இரண்டு பிங் கட்டளைகளை ஒருசேர ஓடவிட்டோம். ஒன்று ரவுட்டருக்கு, மற்றொன்று வெளியே உள்ள சர்வருக்கு. வெளியே செல்வது மட்டும் துள்ளினால் கோளாறு வெளிக்கம்பியில், அல்லது அதே இணைப்பில் யாரோ பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கோ இரண்டு சுவர் தள்ளியிருந்த ரவுட்டருக்கே துள்ளியது. வைஃபையை விட்டுக் கேபிள் இழுத்தோம். சில நூறு ரூபாயில் முடிந்தது. ஜவுளிக் கடைப் பணம் தேர்வுக் கட்டணத்திற்குப் போயிற்று.

தொலைவை மட்டும் எப்பணத்தாலும் வெல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லிநொடியாவது ஆகும். கடலடிக் கம்பி நேர்கோட்டில் செல்வதில்லையாதலால் உண்மையில் இன்னும் கூடும். மும்பைச் சர்வர் கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

படம் வரையும் தாமதத்தில் சராசரி என்னும் கணக்கு நம்மை ஏமாற்றும். ஒரு நொடியில் 59 படங்கள் தலா 15 மில்லிநொடியிலும், ஒரே ஒரு படம் 115 மில்லிநொடியிலும் வந்தால், எண் '60' என்றே காட்டும். கண்ணுக்கோ வெட்டு தெரியும். ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் ஆகும் நேரத்தை வரைபடமாகக் காட்டும் மென்பொருளைப் பார்க்க வேண்டும். திரைத் தெளிவைக் குறைத்தவுடன் வேகம் ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் பிராசசர். தொடக்கத்தில் நன்றாக ஓடிக் கால்மணி கழித்துத் தளர்ந்தால் வெப்பம். விசிறியில் தூசு துடைத்துப் பாருங்கள். புதிய இடத்தில் முதன்முறை மட்டும் வெட்டி, மறுமுறை வெட்டாவிட்டால், விளையாட்டு ஷேடர்களை அப்போதுதான் தயாரிக்கிறது என்று பொருள். அதற்குப் பொறுமையே மருந்து. மடிக்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு வேகம் இல்லையே என்று வருந்துவோரும் உளர்!

மூன்றாவது நோயில் பிங் நலம், படமும் சீர்; ஆனால் மவுஸ் சேற்றில் நடப்பதுபோல் கனக்கும். வி-சிங்க்கை நிறுத்திப் பாருங்கள். படம் சற்றே கிழிந்து தெரியலாம், கை இலகுவாகும். 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியவர்கள், அது அமைப்பில் இன்னும் 60இல் நிற்கிறதா என்று நோக்குக. தொலைக்காட்சியையே திரையாக வைத்திருப்போர் அதில் கேம் மோடைத் தேடி இயக்க வேண்டும். படத்தை அழகுபடுத்த அது எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும்.