டோக்கியோவுக்கு வெளியே ஒரு தேயிலை மலை

பிள்ளைகள் ஜப்பானில் வேலை பார்க்கும் பெற்றோர் இப்போது நம் சங்கத்திலும் சிலர் இருக்கிறோம். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள் டோக்கியோவில், இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நிஷி கசாய் போன்ற பகுதிகளில் இருந்துவிட்டு, டோக்கியோ கோபுரத்தையும் ஃபூஜி மலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சுற்றுலா நிறுவனத்தோடு போனாலும் டோக்கியோ, ஃபூஜி, கியோட்டோ, ஒசாகா என்று அதே பாதைதான். 2024ஆம் ஆண்டில் ஜப்பானுக்குச் சென்ற இந்தியர்கள் சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம் பேர். அந்த ஆண்டு அங்கே போன வெளிநாட்டார் மொத்தம் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். அத்தனை கூட்டமும் நாலைந்து நகரங்களிலேயே மோதுகிறது. ஆகவே ஜப்பானிய அரசே பயணிகளைச் சிற்றூர்ப் பக்கம் அனுப்பப் பெருமுயற்சி செய்து வருகிறது.

சாந்தன்பாறையிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய இடம் ஷிஸுவோகா மாவட்டத்தின் ஓயி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே தேயிலையும் உண்டு, மலை ரயிலும் உண்டு. ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு வேறென்ன வேண்டும்!

டோக்கியோவில் கொடாமா என்ற ஷின்கான்சென் வண்டியில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் காக்கெகாவா நிலையம். வலப்புறச் சன்னலோரம் இடம் பிடித்தால், மேகம் இல்லாத நாளில் ஃபூஜி மலையும் தெரியும். காக்கெகாவாவில் சாதாரண வண்டிக்கு மாறி இரண்டாவது நிலையமான கனாயாவில் இறங்க வேண்டும். அங்கிருந்துதான் ஓயிகாவா ரயில்வே என்ற தனியார் பாதை ஆற்றோடு மலையேறுகிறது. 1976 முதல் இதில் நீராவி எஞ்சின் ஓடுகிறது. குழந்தைகளுக்காகத் தாமஸ் முகம் வைத்த எஞ்சினும் உண்டு.

கனாயாவை ஒட்டிய மக்கினோஹாரா மேட்டில் ஏறிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். ஆனால் நம் தோட்டம் போல் இராது. செடிகளைத் தனித்தனியாக விடாமல், நிரை முழுவதையும் வேலி போல் ஒட்டி வளர்த்து, மேற்புறத்தை வில் வளைவாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கொழுந்து எடுப்பதும் பெரும்பாலும் இயந்திரந்தான். நிரைக்கு இருபுறமும் ஆளுக்கொருவராக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க, வெட்டிய கொழுந்து பின்னால் தொங்கும் பையில் போய் விழுகிறது. பறித்த இலையை நம் தொழிற்சாலைகளில் போல் புளிக்க விடுவதில்லை. உடனே ஆவியில் வேகவைத்து உருட்டி உலர்த்துகிறார்கள். அதனால்தான் பச்சை நிறம் மாறுவதில்லை. குளிர்காலத்தில் மலைப்புல்லை அறுத்து நிரைகளுக்கு நடுவே மூடாக்குப் போடும் பழைய முறையும் இங்கே உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் அதை உலக வேளாண் மரபாக ஏற்றது.

தோட்டம் நெடுக உயரமான கம்பங்களில் மின்விசிறிகள் நிற்பதைப் பார்த்து, புதிதாகப் போகிறவர்கள் காற்றாலை என்றே எண்ணுவார்கள். அவை உறைபனியை விரட்டும் விசிறிகள். மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்க, ஐந்தாறு மீட்டர் உயரத்தில் அதைவிடச் சூடான காற்று நிற்கிறது. கம்பத்து விசிறி அந்த மேல்காற்றைச் செடிமேல் தள்ளுகிறது. வெப்பமானி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் விசிறி தானாகவே சுழலும். மூணாற்றுப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் ஒரே இரவில் தேயிலை கருகிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே பயம் மார்ச், ஏப்ரல் மாதங்களில், முதல் கொழுந்து தலைகாட்டும் சமயத்தில்.

இனி ரயில். பள்ளத்தாக்கின் மேல் பகுதியில் சென்ஸு முதல் இக்காவா வரை 25.5 கிலோமீட்டருக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அணைக்கட்டு வேலைக்காகப் போட்ட பாதை அது. பிறகு நகாஷிமா அணை கட்டியபோது பழைய பாதையின் ஒரு பகுதி நீரில் மூழ்க நேர்ந்ததால், 1990இல் மேலே புதுப் பாதை போட்டார்கள். அதில் 1.5 கிலோமீட்டர் தூரம் ஆயிரத்துக்குத் தொண்ணூறு ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்த ஏற்றத்தில் வழுக்கும். ஆகவே நடுவில் பல் சட்டம் பதித்து, எஞ்சினுக்கு அடியில் பல் சக்கரம் வைத்திருக்கிறார்கள். பல் சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, பற்களை ஒன்றுக்கொன்று தள்ளி அமைப்பதால் எந்நேரமும் ஏதாவது ஒரு பல் பிடித்தபடியே இருக்கும். சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் கண்ட முறை இது. நம் நீலகிரி ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 1899 முதல் இருப்பதும் இதேதான். அங்கே ஏற்றம் 12க்கு 1, அதாவது ஆயிரத்துக்கு 83. நீலகிரியைப் போலவே இங்கும் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டு போகாதல்லவா! ஆப்ட் இச்சிஷிரோ நிலையத்தில் அந்த மின்சார எஞ்சினைக் கோக்கும்போது பயணிகள் இறங்கி நின்று வேடிக்கை பார்க்கலாம். அதற்கும் மேலே செக்கினோசாவா பாலம், ஆற்றிலிருந்து சுமார் 71 மீட்டர் உயரம்.

நமக்கும் ஒரு மலை ரயில் இருந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது, மறுபடி போடவில்லை. ஓயிகாவா பாதையையும் 2022 செப்டம்பர் புயல் உடைத்தது. கீழ்ப் பகுதியைச் சரிசெய்து 2023 அக்டோபரில் கவானே ஒன்சென் வரை திறந்தார்கள். அதற்கு மேல் சென்ஸு வரை பேருந்தில் போக வேண்டியிருப்பதால், புறப்படும் முன் பிள்ளைகளை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

அந்த மலைக் கிராமங்களில் ஆள் நடமாட்டம் குறைவு. இருப்பவர்களும் முதியவர்களே. அங்கே தேயிலை பெரும்பாலும் சிறு குடும்பங்களின் சொந்த நிலம். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, சரிவில் இயந்திரமும் ஏறாமல், சில தோட்டங்கள் கவாத்து இன்றிக் காடாகிக் கிடக்கின்றன. 2024இல் தேயிலை உற்பத்தியில் ஷிஸுவோகாவின் முதலிடம் தெற்கே சமவெளித் தோட்டங்கள் கொண்ட ககோஷிமாவுக்குப் போய்விட்டது. நம் லயங்களிலும் பிள்ளைகள் வெளியேற, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். நிலம் சொந்தமாக இருந்தால் பிள்ளைகள் தங்கியிருப்பார்கள் என்று நம்மில் பலர் பேசுவதுண்டு. நானும் பேசியவன்தான். ஓயி ஆற்றங்கரையில் நிலம் சொந்தந்தான், ஆனாலும் பிள்ளைகள் தங்கவில்லை.

சில நடைமுறைகள். ஜப்பான் முழுவதும் செல்லும் 7 நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. இந்த ஒரு பயணத்துக்குத் தனிச்சீட்டே மலிவு. சிறு பாதைகளில் ரயில் அட்டை செல்லாத இடமும் உண்டு, ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது சாறு. காய்கறிச் சாறு, நூடுல்ஸ் என்றாலும் அடியில் காய்ந்த மீனில் வடித்த தாஷி இருக்கும். உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டைக்குப் பொதுவாக அந்தப் பயமில்லை. நம் எலுமிச்சை ஊறுகாய்ச் சோறு சாப்பிட்ட நாக்குக்கு அது எளிதில் பழகிவிடும்.

முதல் கொழுந்து ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் நடக்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை, நாடே ரயிலில்தான் இருக்கும். அந்த வாரத்தைத் தள்ளி, மே இரண்டாம் வாரத்தில் போவது நல்லது.