ஒற்றைக் கம்பியில் ஓடும் வண்டி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

இன்று மின்சாரம் இல்லாத வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பதே அரிது. விளக்கு, விசிறி, நீர் இறைக்கும் பொறி ஆகிய யாவும் இருந்த இடத்திலேயே நிற்பவை. அவற்றிடம் மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டு சேர்ப்பது எளிது. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வண்டிக்கு மின்சாரத்தை எப்படி ஊட்டுவது? கம்பியை வண்டியோடு கட்டிவிட்டால் வண்டி நகர முடியாது. கட்டாமல் விட்டால் மின்சாரம் வராது. இந்தச் சிக்கலை அறிஞர்கள் தீர்த்த விதத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்னை நகரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடியதை நம்மில் யாரும் கண்டதில்லை. 1895 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் அவை ஓடத் தொடங்கின. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் என்னும் பெருமை சென்னைக்கே உரியது. 1902 இல்தான் கல்கத்தாவில் மின்சார டிராம் வந்தது. சென்னை டிராம் நிறுவனம் நலிவுற்று, 1953 ஏப்ரல் 12 ஆம் நாளோடு வண்டிகள் நின்றுபோயின. ஆயினும் அவை இயங்கிய தத்துவம் இன்றும் தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியின் கூரைமேல் வாழ்கிறது.

தண்டவாளத்தில் மின்சாரம்

1881 ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டு என்னும் இடத்தில் வெர்னர் சீமன்ஸ் ஒரு மின்சார டிராமை ஓட்டினார். அதில் மேலே கம்பி இல்லை. இரண்டு தண்டவாளங்களையே இரண்டு கம்பிகளாக அவர் பயன்படுத்தினார். ஒன்றின் வழியே மின்னோட்டம் வந்தது. மற்றொன்றின் வழியே திரும்பிச் சென்றது. மின்னழுத்தம் 180 வோல்ட்.

இதன் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. பாதை சாலையைக் கடக்கும் இடங்களில், இரண்டு தண்டவாளங்களையும் ஒருசேர மிதித்த குதிரைகளுக்கு அதிர்ச்சி ஏற்பட்டது. மக்கள் நடமாடும் தெருவுக்கு இம்முறை ஒத்துவராது என்பது தெளிவாயிற்று. மின்சாரத்தை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், அல்லது பூமிக்குள் மறைக்க வேண்டும்.

பூமிக்குள் மறைக்கும் முறையும் கையாளப்பட்டது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு பள்ளம் தோண்டி, மேலே குறுகிய பிளவு மட்டும் விட்டு மூடிவிடுவர். வண்டியின் அடியில் இருந்து ஒரு தகடு அப்பிளவின் வழியே இறங்கி, உள்ளே இருக்கும் மின்கடத்தியைத் தொட்டுக்கொண்டே செல்லும். சென்னை டிராமும் தொடக்கத்தில் இம்முறையில்தான் ஓடியது. நம் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. நீரும் சேறும் புகும் பள்ளத்தில் மின்சாரத்தைக் காப்பது பெரும்பாடு. பின்னர் சென்னையும் மேல்நிலைக் கம்பிக்கே மாறியது.

ரிச்மண்ட் நகரின் வெற்றி

மேல்நிலைக் கம்பி முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்ப்ரேக். வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் 40 வண்டிகளும் 12 மைல் பாதையும் அமைக்க அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அது மேடு பள்ளம் மிகுந்த ஊர். சில இடங்களில் நூறு அடி தூரத்திற்குப் பத்து அடி ஏற்றம். 1888 பிப்ரவரி 2 ஆம் நாள் அங்கே முறையான போக்குவரத்து தொடங்கியது.

அதே ஆண்டில் பாஸ்டன் நகர டிராம் கம்பெனித் தலைவர் ஹென்றி விட்னி அதைப் பார்வையிட வந்தார். பல வண்டிகள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் கம்பி அந்தச் சுமையைத் தாங்குமா என்ற ஐயம் எழுந்தது. ஸ்ப்ரேக் வாதம் செய்யவில்லை. ஓர் இரவில் 22 வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, அடுத்தடுத்துக் கிளப்பச் செய்தார். வண்டிகளின் விளக்குகள் மங்கின. ஆனால் எல்லா வண்டிகளும் நகர்ந்தன. பாஸ்டன் நகரம் மின்சாரத்திற்கு மாறியது.

விளக்குகள் ஏன் மங்கின? இதற்கு நாம் படித்த ஓம் விதியே விடை சொல்லும். 100 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புடைய தாமிரக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.17 ஓம் மின்தடை உண்டு. ஒரு வண்டி கிளம்பும்போது 200 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோமீட்டரில் 34 வோல்ட் குறைந்துவிடும். ஐந்து வண்டிகள் சேர்ந்து இழுத்தால் குறைவு 170 வோல்ட். டிராம் கம்பியின் மின்னழுத்தமே பெரும்பாலும் 500 முதல் 750 வோல்ட் வரைதான். ஆகவேதான் ஒரே முனையிலிருந்து மின்சாரம் தராமல், தெரு ஓரமாகத் தடித்த ஊட்டுக் கம்பிகளைக் கொண்டு சென்று, இடையிடையே மேல்நிலைக் கம்பியோடு இணைக்கிறார்கள்.

கம்பியும் கழியும்

மேலே செல்லும் கம்பி சாதாரண உருண்டைக் கம்பி அன்று. அதன் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் காடி வெட்டப்பட்டிருக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எட்டு என்ற எண்ணின் வடிவில் தோன்றும். தாங்கும் கவ்விகள் மேல் பாதியைப் பற்றிக்கொள்ளும். கீழ்ப் பாதி தடையின்றி வழவழப்பாக இருக்கும். தெருவின் இருபுறக் கம்பங்களுக்கிடையே குறுக்குக் கம்பிகளைக் கட்டி, இடையில் பீங்கான் மின்காப்புகளை வைத்து, அவற்றில் இக்கம்பியைத் தொங்கவிடுவார்கள்.

கம்பியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது சிறிது தொய்யும். கம்பங்களின் இடைவெளி 30 மீட்டர், கம்பியின் எடை மீட்டருக்கு 0.95 கிலோகிராம், இழுவிசை 1000 கிலோகிராம் எடை என்றால், நடுவில் தொய்வு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். இது போதாதென்று வெப்பமும் வந்து சேரும். ஒரு கிலோமீட்டர் தாமிரக் கம்பி 30 டிகிரி சூடேறினால் அரை மீட்டர் நீளும். கம்பி இவ்வாறு ஏறி இறங்குவதால், அதைத் தொடும் கருவியும் ஏறி இறங்கத் தக்கதாய் இருக்க வேண்டும்.

ரிச்மண்ட் வண்டியின் கூரைமேல் இருந்தது ஒரு நீண்ட கழி. அதன் அடிப்பகுதி வலிய சுருள்வில்லோடு இணைந்தது; சுருள்வில் கழியை எப்போதும் மேல் நோக்கித் தள்ளும். கழியின் நுனியில் பள்ளம் உள்ள ஒரு சிறு சக்கரம். கிணற்று உருளையின் மேல் கயிறு கிடப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாக்கினால் இது கிடைத்துவிடும். இங்கே உருளை கீழிருந்து கம்பியை அழுத்துகிறது. சக்கரத்தின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றும், வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றும் கொண்டால், அச்சிறு சக்கரம் நிமிடத்திற்கு 1300 தடவைக்கு மேல் சுழல வேண்டும். இதனால் பின்னாளில் பல ஊர்களில் சக்கரத்தை நீக்கி, கரித்துண்டு பொருத்திய வழுக்குக் கட்டையை வைத்தார்கள்.

இக்கழி எப்போதும் பின்னோக்கிச் சாய்ந்தே இருக்க வேண்டும். முன்னோக்கிச் சாய்ந்தால், கம்பியில் ஏதேனும் தடை வரும்போது அதில் குத்திக்கொண்டு நிமிர்ந்து கம்பியையே அறுத்துவிடும். எனவே பாதையின் முடிவில் நடத்துநர் கீழிறங்கி, கயிற்றைப் பிடித்துக் கழியைக் கம்பியிலிருந்து விடுவித்து, வண்டியைச் சுற்றி நடந்து மறுபுறம் மாட்டுவார். இல்லையேல் ஹாங்காங் நகரில் இன்றும் செய்வது போல, வண்டியே வட்டமடித்துத் திரும்பப் பாதை அமைக்க வேண்டும். அங்கே 1904 முதல் டிராம் ஓடுகிறது. மாடி டிராம்கள் கழியின் உதவியோடே செல்கின்றன.

கழிக்கு மற்றொரு குறை உண்டு. பாதை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் சக்கரம் கம்பியை விட்டு நழுவும். நழுவிய கழி சுருள்வில்லின் விசையால் மேலே எகிறிக் குறுக்குக் கம்பிகளை அடிக்கும்.

வில்லும் சட்டமும்

இக்குறையைப் போக்க, கம்பியின் மேல் குறுக்காக வழுக்கிச் செல்லும் அகலமான சட்டம் ஒன்றை ஜெர்மனியில் சீமன்ஸ் நிறுவனத்தார் பயன்படுத்தினர். வில் போன்ற வடிவுடையது அது. கம்பி சற்று இடமோ வலமோ விலகினாலும் சட்டத்தின் அகலத்துக்குள்ளேயே இருக்கும். 1903 இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்துப் பகுதியில் ஓடிய வண்டிகளில், மடங்கி விரியும் சாய்சதுர வடிவச் சட்டம் வந்தது. இதுவே பாண்டோகிராப் எனப்படுவது. 1955 இல் பிரான்சு நாட்டு லூயி ஃபைவ்லி அதில் பாதியை நீக்கி, முழங்கை போல் மடங்கும் ஒற்றைக் கைச் சட்டத்தை அமைத்தார். இரு திசையிலும் ஓடலாம். நழுவும் அச்சம் குறைவு.

இதில் ஒரு நுட்பம் என்னைக் கவர்ந்தது. கம்பி நேர்க்கோட்டில் சென்றால் சட்டத்தின் ஒரே இடத்தில் உராய்ந்து பள்ளம் விழும். ஆதலால் கம்பத்திற்குக் கம்பம் கம்பியைச் சிறிது இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கட்டுகிறார்கள். வண்டி செல்லச் செல்லத் தொடும் இடம் சட்டத்தின் அகலம் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சமமாகப் பரவும். சட்டத்தின் மேல் கரி வைப்பதும் காரணத்தோடுதான். கரி தாமிரத்தைவிட மென்மையானது. தேய வேண்டியது எளிதில் மாற்றக்கூடிய கரியே. கிலோமீட்டர் கணக்கில் நீளும் கம்பி தேயக்கூடாது.

போன மின்சாரம் எங்கே?

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்தவன் நானே முதலாமவன். விடுமுறையில் இவற்றை என் தந்தையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம பம்புசெட்டுக்கே மூணு கம்பி வருது. ஒத்தைக் கம்பியிலே வண்டி எப்படிப்பா ஓடும்?" என்றார். நான் படித்த நூல்கள் கடைசியில் சொன்னதை அவர் முதலிலேயே கேட்டுவிட்டார். "வாய்க்காலிலே தண்ணி ஓடணும்னா அந்தப் பக்கம் மடை திறந்திருக்கணும் இல்லையாப்பா? வண்டிக்கு அந்த மடை கீழே இருக்கிற தண்டவாளம்தான்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மேல்கம்பி, கழி அல்லது சட்டம், கட்டுப்படுத்தும் கருவி, மோட்டார், இரும்புச் சக்கரம், தண்டவாளம், மீண்டும் மின் நிலையம். இதுவே முழுச் சுற்று. எஃகின் மின்தடைத் திறன் தாமிரத்தைப் போல் பத்து மடங்குக்கும் மேல். எனினும் தண்டவாளத்தின் பருமன் கம்பியைப் போல் ஏறக்குறைய அறுபது மடங்கு. ஆகவே மொத்தத் தடை குறைவே. ஆனால் இரு தண்டவாளங்கள் சேரும் மூட்டில் துரு பிடித்தால் வழி அடைபடும். அங்கே தாமிரப் பட்டைகளால் இணைப்பார்கள், அல்லது பற்றவைப்பார்கள்.

வழி அடைபட்டால் என்ன ஆகும்? மின்னோட்டம் ஈர மண்ணில் கசிந்து, அருகில் உள்ள குடிநீர்க் குழாயில் ஏறிப் பயணம் செய்து, மின் நிலையத்தின் அருகே குழாயை விட்டு வெளியேறும். வெளியேறும் இடத்தில் இரும்பு கரையும். ஃபாரடேயின் மின்னாற்பகுப்பு விதிப்படி கணக்கிட்டால், ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுதும் கசிந்தால் 9 கிலோகிராம் இரும்பு அரிக்கப்படும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முகவையில் நாம் செய்யும் சோதனை, தெருவுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது! இதனால்தான் பிரிட்டனில் திரும்பும் தண்டவாளத்தில் மின்னழுத்த வேறுபாடு 7 வோல்ட்டைத் தாண்டலாகாது என்று விதி வகுத்தார்கள்.

பறவையும் நாமும்

கம்பிமேல் உட்கார்ந்த காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் இரு கால்களும் ஒரே கம்பியில், ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. வேறு வழி இல்லாததால் மின்னோட்டம் காக்கையின் உடல் வழியே போவதில்லை. டிராமில் உள்ளவர்க்கும் அச்சமில்லை. வண்டியின் உடற்பகுதி தண்டவாளத்தோடு சேர்ந்தது, கழியோ கூரையிலிருந்து மின்காப்பால் பிரிக்கப்பட்டது. ஆனால் தரையில் நின்று கம்பியைத் தொடுபவன் தானே மடையாகிவிடுகிறான்.

இது டிராம் ஓடும் ஊருக்கு மட்டும் உரிய பாடம் அன்று. மழைக்காலத்தில் வயல்வெளியில் அறுந்து கிடக்கும் கம்பியால் உயிரிழந்தோரைப் பற்றிய செய்திகளை நாம் படிக்கிறோம். தரையில் கிடக்கும் கம்பியைச் சுற்றி ஈர மண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். கம்பிக்கு அருகே மிகுதியாகவும் விலக விலகக் குறைந்தும் இருக்கும். அகலமாக அடி வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே வேறுபாடு ஏற்பட்டு உடல் வழியே மின்னோட்டம் பாயும். கம்பியைத் தொடாவிட்டாலும் ஆபத்தே. அருகில் அகப்பட்டுக்கொண்டவர் இரு கால்களையும் ஒட்டவைத்து, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தியே விலக வேண்டும். கம்பை எடுத்துக்கொண்டு கம்பியைத் தள்ளப் போகலாகாது; ஈரக் கம்பும் மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரை மற்றவர்களையும் கால்நடைகளையும் தள்ளி நிறுத்துவதே நாம் செய்யத்தக்கது.

தாம்பரம் தடத்தில் இன்று செல்வது 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். 600 வோல்ட்டோடு ஒப்பிட்டால், அதே திறனுக்கு மின்னோட்டம் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே போதும். கம்பியில் வீணாகும் வெப்பமோ ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அடுத்த முறை நண்பர்கள் அந்த நிலையத்தில் நிற்கும்போது, வண்டியின் கூரையைச் சற்று அண்ணாந்து பாருங்கள். பிறகு தண்டவாளத்தையும் பாருங்கள். தேர்வுக்காக நாம் வரையும் மின்சுற்றுப் படம், அங்கே நம் கண் முன்னே மூடி நிறைவு பெறுகிறது. பார்த்ததை, படிக்க வாய்ப்பில்லாத நம் வீட்டாருக்கும் சொல்வோம். கம்பிக்கும் வயலுக்கும் நடுவே அன்றாடம் வாழ்பவர்கள் அவர்களே.