பேரு நம்மது, படகு வேற: ‘கட்டமரான்’ பாதுகாப்பானதா?

நெடுங்கடல் பயணத்துக்கு வழக்கமான பாய்மரப் படகை விட்டுட்டு ‘கட்டமரான்’ வாங்கலாமா? பேரு நம்ம கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட நூலிலேயே அது இருக்கிறது. ஆனால் கட்டுமரம், சேர்த்துக் கட்டிய மரங்கள். இன்றைய கட்டமரான், தளத்தால் இணைந்த இரண்டு படகுகள்.

என்ன லாபம்? அகலம் அதிகம், காற்றில் அதிகம் சாயாது. அடியில் கனமான எடை வேண்டாம் என்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் போகும். கீரமங்கலத்துக்குக் கிழக்கே உள்ள பாக் நீரிணை அப்படிப்பட்ட கடல்தான்.

என்ன ஆபத்து? வழக்கமான படகு கவிழ்ந்தால், அடியில் இருக்கும் எடையே நிமிர்த்திவிடும். கட்டமரான் பெரும்பாலும் மிதக்கும், தானாக நிமிராது. சாய்ந்து எச்சரிக்கவும் செய்யாது. அதனால் காற்றின் வேகத்தைப் பார்த்து, முன்கூட்டியே பாயைச் சுருக்கணும்.