சிங்கப்பூர் - நியூயார்க்: கடிகாரம் சொல்லும் கணக்கு சரியா?

நள்ளிரவில் சாங்கியில் ஏறினால், அதே நாள் விடியற்காலையில் நியூயார்க்கில் இறங்கலாம். அப்போ 6 மணி நேரப் பயணம்தானா? இல்லை!

தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். நிற்காமல் பறந்தாலும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நியூயார்க் நேரம் நமக்கு 12 மணி நேரம் பின்னால். அங்கு குளிர்காலம் என்றால் 13. அதனால்தான் அந்தக் குழப்பம்.

போகும்போது விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் செல்லும். அங்கே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். வழி சற்று நீண்டாலும் நேரம் மிச்சம்.

வீட்டுப் பெரியவர்கள் இன்சுலின் போடுபவர்களா? டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அதை வைத்து மருந்து வேளையைக் கணக்குப் போடாதீங்க. பறக்கும் நேரத்தைச் சொல்லி, கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும்.