டைமிங் பெல்ட்டோடு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் குடும்பத்துக்கு ஒரு பழைய கார் எவ்வளவு பெரிய துணை என்பது பட்டணத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் கோல பிலாவில் உள்ள துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்குப் போக வேண்டி வரலாம். அதற்கும் மேல் சிகிச்சை தேவைப்பட்டால் புக்கிட் புத்துஸ் மலைச்சாலையைத் தாண்டிச் சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். லாபு, லிங்கி, சிலியாவ் பக்கமிருந்து செனவாங்குக்கும் நீலாய்க்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களும் பஸ்ஸை மட்டும் நம்பி இருக்க முடியாது. இந்த ஓட்டத்தையெல்லாம் சுமப்பவை பெரும்பாலும் வயதான புரோட்டோன் சாகா, வீரா, பெர்சோனா, பெரோடுவா கன்சில் போன்ற வண்டிகள். இவற்றில் பலவற்றின் இன்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்ற ஒரு ரப்பர் பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அது அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் டைமிங் பெல்ட் மாற்றும் நாளில் கூடவே எதையெல்லாம் மாற்றுவது, எதையெல்லாம் விடுவது என்ற கேள்வியை மெக்கானிக்கின் விருப்பத்துக்கோ அன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கும் பணத்துக்கோ விட்டுவிடக் கூடாது என்கிறேன். அதற்குக் காரணகாரியத்தோடு ஒரு பதில் இருக்கிறது.

இன்ஜினின் கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஒவ்வொரு வால்வும் உரிய நேரத்தில் திறந்து மூட வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது பல் வைத்த அந்த பெல்ட்தான். பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குத்தான் வந்து போகின்றன, ஆனால் வெவ்வேறு கணத்தில். பெல்ட் அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்த வாக்கில் நின்றுபோன வால்வுகள் மீது பிஸ்டன் மோதும். 2004ஆம் ஆண்டு புரோட்டோன் ஜென்-2 காரோடு வந்து, பிறகு பெர்சோனாவிலும் 2008ஆம் ஆண்டின் சாகாவிலும் இடம்பெற்ற கேம்ப்ரோ இன்ஜின் இந்த வகையைச் சேர்ந்தது. அதில் பதினாறு வால்வுகள். ஒருமுறை மோதினாலே போதும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வளைந்த வால்வுகளை மாற்றி, கேஸ்கெட் போட்டு மறுபடி பூட்ட வேண்டியதுதான். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த அளவில் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இப்படி ஒரு வேலை வந்தால் அந்த மாதமே போய்விடும், சில நேரம் அடுத்த மாதமும் சேர்ந்து போகும்.

நம்மில் பலர் பெல்ட் தானாகத் தேய்ந்து, வெடித்து, அறுந்துபோகிறது என்று நினைக்கிறார்கள். வயதாகி அறுவது உண்டுதான். ஆனால் இன்றைய பெல்ட்டுகள் எளிதில் சாகிற சாமான் அல்ல. வெப்பத்தைத் தாங்கும் செயற்கை ரப்பர், உள்ளே கண்ணாடி இழை நூல், பல்லின் மேல் நைலான் துணி என்று நன்றாகவே செய்திருக்கிறார்கள். மாற்ற வேண்டிய கெடுவுக்கு முன்னாலேயே போகிற பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த ஏதாவது ஒரு சாமான்தான் அதைக் கெடுத்திருக்கும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகி, சுற்றாமல் நின்று, பெல்ட்டின் முதுகைத் தேய்த்திருக்கும். அல்லது முன்பக்க ஆயில் சீல் கசிந்து எண்ணெய் ஊறி ரப்பர் உப்பியிருக்கும். வாட்டர் பம்ப் கூலண்டைக் கக்கியிருக்கும், இல்லாவிட்டால் அதன் பேரிங்கே ஆடத் தொடங்கிப் பெல்ட்டை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். புது பெல்ட்டைப் போட்டுவிட்டு இவற்றை அப்படியே விட்டால், பழைய பெல்ட்டைக் கொன்ற அதே சூழலில் புதியதை மாட்டுகிறோம் என்றுதான் பொருள்.

டென்ஷனரைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு கார் 90,000 கிலோமீட்டர் ஓடுகிறது, சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இன்ஜின் 1,800 மணி நேரம் ஓடியிருக்கிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்ற கணக்கில் கிராங்க்‌ஷாஃப்ட் 27 கோடி முறை சுற்றியிருக்கும். டென்ஷனர் புல்லி கேம்ஷாஃப்டின் பல்சக்கரத்தைவிடச் சிறியது, அதனால் அதைவிட வேகமாகச் சுற்றுகிறது. அதற்குள் இருப்பது ஆலையில் ஒரே ஒரு முறை கிரீஸ் அடைத்து மூடிய பேரிங். அதற்குப் பிறகு யாரும் அதற்குக் கிரீஸ் வைப்பதில்லை, வைக்கவும் வழியில்லை. கழற்றிய டென்ஷனரைக் கையில் பிடித்து விரலால் சுற்றினால் நல்ல பேரிங் கனமாக, சத்தமில்லாமல், சீக்கிரம் நின்றுவிடும். கிரீஸ் வற்றிய பேரிங் சரசரவென்று சத்தம் போட்டபடி நெடுநேரம் சுற்றும். இலகுவாகச் சுற்றுகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று அதைத் திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் வற்றிய பேரிங்தான் அப்படிச் சுற்றும். சத்தமே போடாத பேரிங்கும் கூட ஒரு கெடுவை முழுக்க ஓடி முடித்த பேரிங்தான். அதை இன்னொரு கெடுவுக்கு அனுப்புவது அதன் ஆயுளை இரட்டிப்பாக எதிர்பார்ப்பது. ஆகவே பெல்ட் மாற்றும்போதெல்லாம் டென்ஷனரும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி இருந்தால் அதுவும் மாறியே ஆக வேண்டும். இதில் பேரம் கூடாது.

வாட்டர் பம்ப் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல முடியாது. சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அப்படியானால் பம்ப் இறுகினால் பெல்ட் போகும், பெல்ட்டோடு இன்ஜினும் போகும், எனவே அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். வேறு சில இன்ஜின்களில் வெளியே உள்ள ஃபேன் பெல்ட்தான் அதைச் சுற்றும். அங்கே பம்ப் கெட்டாலும் டைமிங் உடனே கெடாது. ஆனாலும் அதை எட்ட டைமிங் கவரையும் பெல்ட்டையும் கழற்ற வேண்டியிருந்தால் ஆறு மாதம் கழித்து அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். எதையும் கழற்றாமலே வெளியிலிருந்து பம்பை மாற்ற முடிகிற இன்ஜின் என்றால் கசிவில்லாத பம்பை விட்டுவிடலாம். பம்பின் கழுத்துக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கூலண்ட் காய்ந்து படிந்த தடம் இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. தோட்டப்புறத்தில் ரேடியேட்டருக்குக் கூலண்டுக்குப் பதில் பைப் தண்ணீரே ஊற்றிப் பழகிய கார்கள் நிறைய. துருத்தடுப்பு இல்லாத தண்ணீர் பம்பின் சீலையும் இறக்கையையும் சீக்கிரம் அரிக்கும். அப்படி ஓடிய காரின் பம்பைத் துளியும் நம்ப வேண்டாம்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒவ்வொரு சாமானைப் பற்றியும் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். இது கெட்டால் பெல்ட்டையும் இன்ஜினையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமா? பிறகு இதை மாற்ற நினைத்தால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றால் சாமானைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் இல்லை என்றால் பில்லில் அது வரவே கூடாது. கிராங்க்‌ஷாஃப்டின் முன்பக்க ஆயில் சீல் முதல் வகை. விலை மிகக் குறைவு, இருப்பதோ பெல்ட்டின் பல்சக்கரத்துக்கு நேர் பின்னால். கேம்ஷாஃப்ட் சீலும் அப்படித்தான் என்றாலும் அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. கூரான ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி ஷாஃப்டில் கீறல் போட்டால் புது சீலும் கசியும். கை சுத்தம் இல்லாத மெக்கானிக் என்றால் உலர்ந்து நல்ல நிலையில் இருக்கும் கேம் சீலை விட்டுவைப்பதே மேல். வால்வு கவர் கேஸ்கெட்டில் எண்ணெய் வழிந்து டைமிங் கவருக்குள் இறங்கியிருந்தால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். ஃபேன் பெல்ட் எப்படியும் கழற்றப்படுகிறது. அதில் வெடிப்பு தெரிந்தால் புதிதாகப் போட்டுவிடலாம், ஏனென்றால் அது நார் நாராகப் பிய்ந்து டைமிங் கவருக்குள் சிக்கிக்கொள்வதும் நடக்கிறது. பெல்ட்டை வெளியே எடுக்க அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்டிங்கையும் பல கார்களில் கழற்ற வேண்டும். அதன் ரப்பர் கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றினால் கூலி மிச்சம். ஸ்பார்க் பிளக், தெர்மோஸ்டாட், ஏர் ஃபில்டர் இவையெல்லாம் எந்த நாளும் தனியாக மாற்றக்கூடியவை. டைமிங் பெல்ட்டின் பெயரைச் சொல்லி இவற்றைப் பில்லில் சேர்த்தால் ஏன் என்று கேளுங்கள்.

‘ஓடுகிற சாமானை ஏன் கழற்றிப் போட வேண்டும், காசு மரத்திலா காய்க்கிறது’ என்ற கேள்வி நியாயமானது. வருமானம் குறைந்த வீட்டில் எந்தச் சாமானையும் கடைசிவரை பயன்படுத்துவதே வழக்கம், அந்தச் சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிக்கனத்துக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். இந்த வேலையில் செலவின் பெரும் பங்கு கழற்றிப் பூட்டுகிற கூலி. டென்ஷனரை மிச்சம் பிடித்தால் மிஞ்சுவது ஒரு சாமானின் விலை. அது பாதியில் இறுகினால் போவது புது பெல்ட், இரண்டாவது கூலி, வால்வு, ஹெட் கேஸ்கெட், வேலைக்குப் போகாத நாட்கள். காரே சில ஆயிரம் ரிங்கிட்தான் பெறும், அதற்கு இவ்வளவு செலவா என்றும் கேட்பார்கள். சில மாதங்களில் காரைக் கழித்துக்கட்டப் போகிறவர் செலவு செய்யாமல் இருக்கலாம், அது அவர் கணக்கு. இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் காரின் சந்தை விலையை வைத்துப் பார்ப்பது தப்பு. அது நின்றுபோனால் அதற்கு ஈடாக இன்னொன்றை வாங்க எவ்வளவு ஆகும் என்றுதான் பார்க்க வேண்டும்.

‘அந்தக் காலத்து டொயோட்டாவில் பெல்ட் அறுந்தது, வேறு பெல்ட் போட்டதும் ஓடியதே’ என்பது இன்னொரு வாதம். அதுவும் பொய்யில்லை. கொரோலா எஸ்.இ.ஜி.யில் இருந்த 4ஏ-எஃப்.இ. இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதாதபடி இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த அனுபவத்தை கேம்ப்ரோவுக்கும் பொருத்தினால் பெருநட்டம்தான். 2005ஆம் ஆண்டு வந்த பெரோடுவா மைவி போன்ற கார்களில் பெல்ட்டே கிடையாது, இரும்புச் செயின். அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, எண்ணெயை மட்டும் நாள் தவறாமல் மாற்றினால் போதும். இன்னும் சிலர், காரை அவ்வளவு தூரம் ஓட்டுவதே இல்லை என்பார்கள். தயாரிப்பாளர் தரும் கெடு காருக்குக் கார் வேறுபடும், பெரும்பாலும் 60,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் இருக்கும். அதோடு ஆண்டுக் கணக்கும் சேர்ந்தே வரும், எது முந்துகிறதோ அதுதான் கெடு. ரப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகும். பேரிங்கின் கிரீஸும் ஆயில் சீலின் உதடும் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ஆண்டுகளைக் கணக்கு வைக்கின்றன. பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று குட்டிக் குட்டி ஓட்டம் ஓடும் தோட்டத்துக் காரில் கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டும். செம்மண் புழுதி மட்டும் குறையாது. செம்பனைக் குலை லாரிகளுக்குப் பின்னால் போகும் பாதையில், கீழ்க் கவர் உடைந்தோ போல்ட் இல்லாமலோ இருந்தால் அந்தப் புழுதி நேரே பேரிங்குக்குள் போகிறது. கவரை முழுதாகப் பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, எல்லோர் மனதிலும் இருக்கும் சந்தேகம். பட்டறைக்காரர் பில்லை ஏற்றத்தான் இவ்வளவு சொல்கிறாரா? சில இடங்களில் அப்படியும் நடக்கும். அதற்கு மருந்து எல்லாவற்றையும் மறுப்பது அல்ல, கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. புது சாமானின் பெட்டியையும் அதில் உள்ள எண்ணையும் பாருங்கள். போலிப் பெட்டிகள் சந்தையில் இருக்கின்றன, நம்ப முடியாத அளவுக்கு மலிவாக வரும் டென்ஷனரை ஒதுக்குங்கள். வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து கதவோ விளக்கோ வாங்கலாம், பேரிங்கும் பெல்ட்டும் அங்கே வாங்கும் சாமான்கள் இல்லை. இந்தப் பெல்ட்டை நமக்காக வேறு யாரும் சோதிக்கப் போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. பெயர் மாற்றத்தின்போது செய்யும் சோதனையிலும் டைமிங் கவரைத் திறந்து பார்ப்பதில்லை. பழைய கார் வாங்கியவருக்கு முந்தைய உரிமையாளர் பெல்ட் மாற்றியதற்கு ரசீது கிடைக்கவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் சம்பளத்திலேயே அந்த வேலையைச் செய்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்க்கை ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கேட்காமலே செய்வார். அப்புறம் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பெல்ட், டென்ஷனர், பம்ப், சீல் என எதையெல்லாம் மாற்றினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.