காசு போய்ச் சேர்ந்தது. சரக்கு வந்து சேருமா?

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

டிப்ளமோ முடித்த கையோடு நம் எல்லாருக்கும் கம்பெனி வேலை கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. வகுப்புக்கு நாலு பேராவது சொந்தமாக ஏதாவது தொடங்கத்தான் போகிறோம். செல்போன் சர்வீஸ், பேட்டரி இன்வெர்ட்டர், கேமரா மாட்டுவது என்று எதுவாக இருந்தாலும் காசை எப்படி வாங்குவது என்ற இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். "அதான் ஜிபே இருக்கே" என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் நம் முகத்தையே பார்க்காத வாடிக்கையாளர், எதை நம்பி முன்பணம் போடுவார்?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் போனில் எந்த மெசேஜ் வந்தாலும் "நீதானே படிக்கிறே, பாத்துச் சொல்லு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள். அம்மா சின்னாளபட்டி சுங்குடிச் சேலைகளை வாங்கி, வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு விற்கிறார். ஒரு சேலை 650 ரூபாய். சென்னை, கோயம்புத்தூர் என்று வெளியூரிலிருந்தும் கேட்பார்கள். முதல் கேள்வி, "சாயம் போகுமா?" இரண்டாவது கேள்வி, "அக்கா, கேஷ் ஆன் டெலிவரி இருக்கா?" அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "650 ரூபாயைத் தூக்கிக்கிட்டு நான் ஓடியா போயிடுவேன்?" என்பார். ஆனால் கேட்பவர் மேலும் தப்பில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்படித்தான் இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு சேலைக்கு 1,200 ரூபாய் அனுப்பினார். சேலையும் வரவில்லை, அந்தப் பக்கமும் மறுநாள் காணோம்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று புரிய யு.பி.ஐ. எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு இதைத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு சூடு பிடித்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவைக்கு மேல் யு.பி.ஐ.யில் பணம் கைமாறியிருக்கிறது. அடேயப்பா! நாம் பார்ப்பது கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் என்ற செயலிகளை. அவை வெறும் வாசல்கள்தான். பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு நேராக, சில நொடிகளில் போய்விடுகிறது. நடுவில் யாரும் அதைப் பிடித்து வைப்பதில்லை.

வேகம்தான் அதன் பலம். வாடிக்கையாளரின் பயத்துக்கும் அந்த வேகமே காரணம். நம் தாத்தா காலத்து வி.பி.பி.யை நினைத்துப் பாருங்கள். போஸ்ட்மேன் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு காசைக் கேட்பார். காசு கொடுத்தால்தான் பார்சல். நடுவில் தபால் இலாகா நின்றது. யு.பி.ஐ.யில் அப்படி நடுவில் நிற்க ஆள் இல்லை. "காசு போய்ச் சேருமா" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. "சரக்கு வந்து சேருமா" என்ற கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எந்த ஆப் நல்லது என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியையே திருப்பித் திருப்பிப் பேசுகிறார்கள்.

முதலில் பெயர் விஷயம். 2025 ஜூன் 30க்குள், பணம் பெறுபவரின் பெயர் வங்கியில் உள்ளபடியே திரையில் தெரிய வேண்டும் என்று எல்லாச் செயலிகளுக்கும் உத்தரவு போட்டார்கள். அதற்கு முன் சில செயலிகளில் நாமாக வைத்துக்கொண்ட பெயர் கூட வரும். வாட்ஸ்அப்பில் எங்கள் கடைக்குத் தங்கச்சி பெயர். பணம் அனுப்பும்போது வருவதோ பாஸ்புக்கில் உள்ள அம்மாவின் பெயர். "இது யாரு? வேற பேரு வருதே" என்று இரண்டு பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் கியூஆர் படத்துக்குக் கீழேயே "பணம் செலுத்தும்போது இந்தப் பெயர் வரும்" என்று தமிழில் எழுதிப் போட்டேன். பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. வியாபாரம் கொஞ்சம் பெருகினால் கடைப் பெயரிலேயே கரண்ட் அக்கவுண்ட் திறப்பது இன்னும் நல்லது.

கமிஷன் போகுமே என்று பயப்பட வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை.

வெப்சைட் வைத்து, கிரெடிட் கார்டும் வாங்க வேண்டுமென்றால் ரேசர்பே போன்ற பேமென்ட் கேட்வே வேண்டும். கட்டணம் சுமார் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 650 ரூபாய்ச் சேலைக்கு 15 ரூபாய் 34 பைசா. பணமும் உடனே வராது, ஓரிரு நாள் ஆகும். ஆனால் கார்டில் கட்டியவர் சரக்கு வராவிட்டால் தன் வங்கியிடம் முறையிடலாம். 2022 அக்டோபர் முதல் நம் வெப்சைட்டில் அவருடைய கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவும் முடியாது, டோக்கன்தான். அந்த 15 ரூபாய் நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை. அம்மாவுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. ஆயிரக்கணக்கில் விலை போகும் பொருளை விற்பவனுக்குத் தேவை.

கேஷ் ஆன் டெலிவரி? வாங்குபவருக்குச் சொர்க்கம். "வீட்ல ஆள் இல்ல" என்று பார்சல் திரும்பினால் போக வரச் செலவு நம் தலையில். இதற்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார் (எட்டாவது வரைதான் படித்தவர்!). புது ஆளாக இருந்தால் 150 ரூபாய் மட்டும் முதலில். சேலையை மடித்து, முகவரி எழுதி ஒட்டுவதை வீடியோ எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்த பிறகு மீதி 500. அது வந்ததும் பார்சல் கூரியருக்குப் போகும், ரசீதின் போட்டோ அவர்களுக்குப் போகும். இரண்டாம் முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் முழுப் பணத்தையும் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள்.

விற்பவருக்கும் பயம் உண்டு. அப்பா மாஸ்டராக இருக்கும் டீக்கடையில் ஒருவன் பணம் போனதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி, பார்சல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது அங்கே சவுண்ட் பாக்ஸ் "பெறப்பட்டது" என்று கத்துகிறது. சில நிறுவனங்கள் இதற்கு மாத வாடகை வாங்குகின்றன. கூட்டமான கடைக்கு அது தண்டச் செலவில்லை. அம்மாவைப் போல வீட்டிலிருந்து விற்பவர்கள் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் தங்கள் கணக்கில் வரவு ஏறியதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. சண்டை வந்தால் அதுதான் சாட்சி. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு நூறு தடவை சொல்லுங்கள்.

கணக்கில் காசு கழிந்து, கடைக்கு வந்து சேரவில்லை என்றால்? 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஐந்து நாளுக்குள் அது வாடிக்கையாளருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் கத்திக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரும் அடங்கிவிடுகிறார்.

2025 ஜூலையில் பெங்களூரில் சிறு வியாபாரிகள் பலர் "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்று போர்டு மாட்டினார்கள். யு.பி.ஐ. வரவை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதுதான் காரணம். செய்தியைப் பார்த்து அம்மாவும் பயந்தார். நம் மாநிலத்துக்குள் சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு என்று சொல்லித் தேற்றினேன். (வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு, ஆடிட்டரைக் கேட்க வேண்டும்.) "40 லட்சமா! அவ்வளவு வித்தா நானே போய்க் கட்டுறேன்" என்று சிரித்துவிட்டார்.

ஆனால் வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் எது விற்பனை, எது சித்தப்பா அனுப்பிய கைமாற்று என்று யாருக்கும் காட்ட முடியாது. மோசடிப் பணம் கைமாறி வந்ததென்று புகார் ஏறினால் கணக்கு முடங்கவும் கூடும். அப்போதும் பில்தான் கைகொடுக்கும். அதனால் சேலைக்கென்று தனிக் கணக்கு திறந்தாயிற்று. அம்மாவின் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: வாங்கியவர் பெயர், 12 இலக்க எண், கூரியர் ரசீது எண். நோட்டு அட்டையில் சைபர் புகாருக்கான 1930ஐயும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.